முத்துக் கணக்கும் மின்சாரக் கணக்கும்
தூத்துக்குடிக் கரையில் தொழிற்கல்வி பற்றிய ஒரு பாடம்

தூத்துக்குடி என்றதும் முத்தே நம் நினைவுக்கு வருகிறது. வேம்பாற்றிலிருந்து மணப்பாடு வரை நீண்டு கிடக்கும் இக்கரைக்கு முத்துக்குளித்துறை என்றே பெயர். பல பாகம் ஆழத்தில் மூச்சையடக்கிச் சிப்பி சேர்த்த குளியாளிகளின் துணிவை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அத்துணிவுக்குப் பின்னால் மிக நுட்பமான கணக்கு ஒன்று இருந்ததை நம்மில் பலர் அறியோம். இன்று அதே கரையின் இளைஞர் மின்சாரத் தொழிலைக் கற்கத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்குச் செல்கின்றனர். அவர்களுக்கும் துணிவு வேண்டும், கைத்திறன் வேண்டும். ஆயினும் அவ்விரண்டும் அவர்களைக் காப்பாற்றப் போதுமானவை அல்ல. கணக்கும் வேண்டும், அக்கணக்கைப் புரியும்படி கற்பிக்கும் ஆசிரியரும் வேண்டும். மின்தொழில், அடிப்படைக் கணிதம், கற்பிக்கும் கலை ஆகிய இம்மூன்றும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சலாபத்தில் இருந்த கணக்கு

முத்துக் குளிப்பை நம் முன்னோர் சலாபம் என்றனர். சிப்பிகள் கரை சேர்ந்ததும் அவை குவியல் குவியலாகப் பிரிக்கப்படும். அரசின் பங்கும் குளித்தவர் பங்கும் எண்ணப்படும். முத்து வெளிப்பட்ட பின்னரோ கணக்கு இன்னும் நுட்பமாகும். துளையிட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்துக்களைச் சலித்துப் பருமன்வாரியாகத் தரம் பிரிப்பர். 20 துளை உள்ள சல்லடையில் தங்குவது பெருமுத்து. 1,000 துளை உள்ளதில் தங்குவது பொடி முத்து. பிறகு மஞ்சாடி, கழஞ்சு என்னும் எடைகளால் நிறுப்பர். இருபது மஞ்சாடி சேர்ந்தது ஒரு கழஞ்சு.

முத்தின் விலையை எடையைக் கொண்டு மட்டும் தீர்மானிப்பதில்லை. செவ்வு என்றோர் அளவு உண்டு. முத்துக்களின் மொத்த எடையை மஞ்சாடியில் காண வேண்டும். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். வந்த தொகையில் முக்கால் பங்கு எடுக்க வேண்டும். அதனை முத்துக்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கிடைப்பது செவ்வு. செவ்வுக்கு இன்ன விலை என்று பேசி வாணிகம் நடக்கும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். நான்கு மஞ்சாடி எடையுள்ள ஒற்றை முத்து ஒன்று இருக்கிறது. நான்கை நான்கால் பெருக்கினால் 16. அதில் முக்கால் 12. முத்து ஒன்றே ஆதலால் செவ்வு 12. மற்றொரு பக்கத்தில் தலா ஒரு மஞ்சாடி எடையுள்ள நான்கு முத்துக்கள் இருக்கின்றன. மொத்த எடை அதே நான்கு மஞ்சாடிதான். ஆயினும் 12-ஐ நான்கால் வகுக்க வேண்டியிருப்பதால் செவ்வு 3 மட்டுமே. எடை ஒன்று, மதிப்போ நான்கில் ஒரு பங்கு! பெருமுத்து அரிதாகக் கிடைப்பது என்னும் உண்மையை இக்கணக்கு எவ்வளவு அழகாகத் தன்னுள் அடக்கியிருக்கிறது, பாருங்கள்.

எழுத்தறிவு பரவாத காலத்திலும் இக்கரையில் வர்க்கம் காணவும், முக்கால் பங்கு எடுக்கவும், வகுக்கவும் வல்லவர்கள் இருந்தனர். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை ஒப்பித்து, முந்திரி, காணி, மாகாணி என்ற சிறு பின்னங்களை வாய்ப்பாடமாக அறிந்த தலைமுறைக்கு அது இயல்பாயிற்று. கணக்குத் தெரியாதவன் முத்தை இழந்தான். இன்றைய மின்தொழிலில் கணக்குத் தெரியாதவன் இழக்கக்கூடியது அதனினும் பெரிது.

கரை மாறிய விதம்

1955-இல் மீண்டும் தொடங்கி நடந்துவந்த அரசின் முத்துச் சலாபம் 1961-உடன் நின்றது. பார்களில் சிப்பி பெருகாமையால் அதன் பின் சலாபம் கூடவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்து அறிஞர்கள் சிப்பியில் செயற்கை முறையால் உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினர். அது பெருமைக்குரிய சாதனையே. எனினும் ஆயிரக்கணக்கான குளியாளிகளுக்கு அது பழைய பிழைப்பைத் திருப்பித் தரவில்லை.

அதே காலத்தில் கரையின் மறுபுறம் வேறொரு வாழ்வு எழுந்தது. 1974-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தூத்துக்குடி பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் அதற்கு வ.உ. சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பெற்றது. 1979-இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கி, பின்னர் தலா 210 மெகாவாட் கொண்ட ஐந்து அலகுகளாக அது வளர்ந்தது. 1986-இல் இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று தூத்துக்குடிப் பகுதியில் அமைந்தது. அதில் நிறுவப்பட்டவை 55 கிலோவாட் ஆற்றலுள்ள சிறிய காற்றாலைகள். 2025 ஆகஸ்டில் மின்கார்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றும் இங்கே திறக்கப்பட்டது.

பெருந்தொழில்களை விட்டுக் கிராமத்தின் பக்கம் திரும்பினாலும் மின்சாரமே எதிர்ப்படுகிறது. உப்பளத்துக்கு வேண்டிய உவர்நீரைக் குழாய்க்கிணற்றிலிருந்து மோட்டார் இறைக்கிறது. மீன் கெடாதிருக்க வேண்டிய பனிக்கட்டியைச் செய்வதும் மின்சாரமே. குடிநீர்த் தொட்டி நிரம்புவதும், தெருவிளக்கு எரிவதும், பள்ளியில் கணினி இயங்குவதும் அதனாலேயே. ஆகவே மின்வேலை அறிந்த ஆண்களும் பெண்களும் கிராமத்திலேயே இருத்தல் இன்றியமையாதது. கடற்கரையில் இவ்வேலைக்கு ஒரு தனிச் சங்கடமும் உண்டு. உப்புக் காற்று செம்பையும் இரும்பையும் ஓயாது அரிக்கிறது. உள்நாட்டில் பல்லாண்டு தாங்கும் இணைப்பு இங்கே விரைவில் பழுதாகிறது.

தொழிற்பயிற்சி நிலையம் தருவது என்ன?

இந்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியது. நாம் பேச்சுவழக்கில் ஐ.டி.ஐ. என்று சொல்லும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அத்திட்டத்தின் வழி நடப்பவை. தூத்துக்குடியில் கோரம்பள்ளத்திலும், வடக்கே உப்பளங்கள் சூழ்ந்த வேப்பலோடையிலும் அரசினர் நிலையங்கள் உள்ளன. தமிழ்நாட்டின் 71 அரசினர் நிலையங்களில் புதிய இயந்திரங்களும் புதிய பிரிவுகளும் ஏற்படுத்த 2022-இல் ஒரு பெருந்திட்டமும் வகுக்கப்பட்டது.

மின்தொழிலில் முக்கியமான பிரிவுகள் இரண்டு. எலக்ட்ரீஷியன் என்னும் மின்பணியாளர் பிரிவு ஒன்று; ஒயர்மேன் என்னும் கம்பியாளர் பிரிவு மற்றொன்று. இரண்டுக்கும் பயிற்சிக் காலம் ஈராண்டு. முன்னதற்குப் பத்தாம் வகுப்பில் அறிவியலும் கணிதமும் பயின்று தேர்ந்திருக்க வேண்டும். பின்னதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பயிற்சி முடித்துத் தேர்வில் வென்றோர்க்கு நாடெங்கும் செல்லும் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கிறது. பின்னர் 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ஒரு தொழிற்சாலையிலோ மின்நிலையத்திலோ உதவித்தொகையுடன் பழகும் வாய்ப்பும் உண்டு.

இப்பிரிவுகளில் செய்முறைப் பயிற்சியே பெரும்பகுதி. அதனோடு தொழில் அறிவு, வரைபடம், தொழிற்கூடக் கணக்கும் அறிவியலும் என்ற பாடங்கள் உள்ளன. இவற்றுள் மாணவர் மிகுதியும் அஞ்சுவதும், பெற்றோர் மிகக் குறைவாக எண்ணுவதும் கணக்குப் பாடத்தையே. “கம்பி முறுக்கத் தெரிந்தால் போதாதா? கணக்கு எதற்கு?” என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. இதற்கு மூன்று கணக்குகளால் விடை கூறுவோம். பொறுமையுடன் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு எம்முடன் வருமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதற் கணக்கு: கம்பியின் நீளமும் பருமனும்

ஓர் உப்பளத்தில் மின்கம்பத்திலிருந்து 150 மீட்டர் தூரத்தில் மோட்டார் இருக்கிறது. அது 10 ஆம்பியர் மின்னோட்டம் இழுப்பது. வீட்டு வேலைகளில் வழக்கமாகப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியையே அதற்கும் இழுத்துவிட்டனர் என்று கொள்வோம்.

மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. ஆகவே கம்பியின் நீளம் 150 மீட்டரன்று, 300 மீட்டர். புதிய மாணவன் முதலில் தவறுவது இங்கேதான். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.0175 ஓம். இதனை 300-ஆல் பெருக்கினால் 5.25. அதை 2.5-ஆல் வகுத்தால் 2.1 ஓம். இதுவே கம்பியின் மொத்தத் தடை.

10 ஆம்பியரை 2.1 ஓமால் பெருக்க, 21 வோல்ட் வருகிறது. கம்பத்தில் 230 வோல்ட் இருந்தாலும் மோட்டாருக்குக் கிட்டுவது 209 வோல்ட்தான். நூற்றுக்கு 9 பங்குக்கு மேல் வழியிலேயே போயிற்று. மோட்டார் திணறும், சூடேறும், சுற்றுக் கம்பி எரியும். “மோட்டார் கம்பெனி சரியில்லை” என்று உரிமையாளர் வருந்துவார். குறை மோட்டாரில் இல்லை; போடாத ஒரு பெருக்கலிலும் வகுத்தலிலும் இருக்கிறது.

6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால்? 5.25-ஐ 6-ஆல் வகுக்க 0.875 ஓம். இழப்பு 8.75 வோல்ட் மட்டுமே. கம்பியின் விலை கூடும் என்பது மெய்தான். ஆனால் முதற்கம்பியில் மோட்டார் ஓடும் நேரமெல்லாம் 210 வாட் வீணாகிறது. பத்து மணி நேரம் மோட்டார் ஓடினால் இரண்டு யூனிட்டுக்கு மேல் நட்டம். பருவம் முழுதும் கூட்டிப் பார்க்கும் உரிமையாளர் எது சிக்கனம் என்பதைத் தாமே அறிவார்.

இங்கே மற்றொரு பயிற்சியும் உண்டு. கடையில் வாங்கிய கம்பி உண்மையில் 2.5 சதுர மில்லிமீட்டர்தானா என்று எவ்வாறு அறிவது? ஒற்றை இழைக் கம்பியாயின் அதன் விட்டத்தைத் திருகுமானியால் அளக்க வேண்டும். விட்டத்தின் வர்க்கத்தை 0.785-ஆல் பெருக்கினால் குறுக்குப் பரப்பு கிடைக்கும். விட்டம் 1.8 மில்லிமீட்டர் என்றால் அதன் வர்க்கம் 3.24, பரப்பு 2.54. கம்பி சரியானதே. கையில் தாள் இல்லாதபோது வர்க்கத்தில் முக்கால் பங்கும் அதற்குமேல் சிறிதும் என்று மனக்கணக்காகப் பார்த்துக்கொள்ளலாம். செவ்வு வேறு, கம்பியின் பரப்பு வேறு. ஆயினும் ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி முக்கால் எடுக்கும் பழக்கம் இக்கரைக்குப் புதியதன்று.

இரண்டாம் கணக்கு: வர்க்கத்தின் வலிமை

மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் எத்தனை மடங்காகும்? இரண்டு மடங்கு என்றே பலரும் விடையளிப்பர். அது பிழை. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே நான்கு மடங்காகும்.

உப்புக் காற்றால் அரிக்கப்பட்ட ஓர் இணைப்பை எடுத்துக்கொள்வோம். அதன் தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு அற்பமான எண். 5 ஆம்பியர் ஓடுங்கால் 5-ஐ 5-ஆல் பெருக்கி 0.2-ஆல் பெருக்க, 5 வாட் வெப்பம். இது பெரிதன்று. 10 ஆம்பியர் ஓடினால் 20 வாட். 20 ஆம்பியர் ஓடினால் 80 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று தரும் வெப்பத்துக்கு ஏறக்குறைய ஒப்பான இவ்வெப்பம், விரல் நுனியளவுள்ள இணைப்பில், மூடிய பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும். மேலுறை உருகும், ஓலையோ மரமோ அருகில் இருந்தால் தீப்பிடிக்கும்.

பழைய மோட்டாரை எடுத்துவிட்டுப் பெரிய மோட்டாரை அதே கம்பியில், அதே இணைப்பில் பொருத்துவது பல ஊர்களில் நாம் காண்பதுதான். “ஒரு மடங்குதானே கூடுகிறது” என்ற எண்ணமே அதற்குக் காரணம். பெருமுத்தின் மதிப்பு எடையின் வர்க்கத்தால் ஏறியதை அறிந்த கரைக்கு, வெப்பமும் வர்க்கத்தால் ஏறும் என்பதை விளக்குதல் கடினமன்று. விளக்குவோர் வேண்டும், அவ்வளவே.

மூன்றாம் கணக்கு: உயிர் காக்கும் வகுத்தல்

இம்மூன்றனுள் முதன்மையானது இதுவே. மோட்டாரின் உள்ளே மேலுறை கெட்டு, மின்சாரம் அதன் இரும்பு உடலுக்கு வந்துவிட்டது என்று கொள்வோம். அப்போது காப்பாற்ற வேண்டியது எர்த் என்று நாம் சொல்லும் தரையிணைப்பு. “எர்த் போட்டாயிற்று” என்று சொல்லிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது.

மோட்டாரின் தரையிணைப்புத் தடை 15 ஓம், மின்மாற்றியின் தரையிணைப்புத் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 ஓம். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். பெட்டியில் இருப்பதோ 16 ஆம்பியர் பியூஸ். 11.5 ஆம்பியருக்கு அது உருகாது. மோட்டார் உடலில் மின்சாரம் நிற்கிறது. அதை ஒருவரும் அறியார். அவ்வுடலில் நிற்கும் அழுத்தம் எவ்வளவு? 11.5-ஐ 15-ஆல் பெருக்க 172.5 வோல்ட். உவர்நீரில் வெறுங்காலுடன் நிற்கும் தொழிலாளி கை நனைந்த நிலையில் அம்மோட்டாரைத் தொடுகிறார். அவர் உடலின் தடையை 1,000 ஓம் என்று கொண்டால், 172 மில்லி ஆம்பியருக்கு மேல் அவர் உடலில் பாயும். இதயத்தை நிறுத்த அது போதும்.

தரையிணைப்பு செம்மையாக இருந்து மொத்தத் தடை 2 ஓம் மட்டுமே என்றால்? 230-ஐ 2-ஆல் வகுக்க 115 ஆம்பியர். பியூஸ் உடனே உருகும், மின்சாரம் அறும், தொழிலாளி வீடு திரும்புவார். இரண்டு நிலைமைக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு வகுத்தல் கணக்கே.

உப்பு மண் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆதலால் புதிதாகப் போட்ட தரையிணைப்பின் தடை இக்கரையில் குறைவாகவே இருக்கும். ஆனால் அந்த உப்பே குழாயையும் இணைப்பையும் தின்றுவிடுகிறது. முதல் நாள் அளந்து திருப்தியடைந்து, பின் மறந்துவிடுவது இங்கே பெரும் பிழை. ஆண்டுதோறும் அளந்து, எண்ணைக் குறித்து வைத்து, முன்னாண்டின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். மேலும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டும் காப்புக் கருவியைப் பொருத்துதல் மிக நன்று. பியூஸ் கண்டுகொள்ளாத 11.5 ஆம்பியர் கசிவை அக்கருவி நொடிப்பொழுதில் கண்டு வெட்டிவிடும். ஆனால் பியூஸும் வேண்டும், எர்த்தும் வேண்டும், இக்கருவியும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

மாணவர் தடுக்கி விழும் இடங்கள்

மேற்கண்ட மூன்று கணக்கிலும் உயர்கணிதம் ஏதுமில்லை. கூட்டல், பெருக்கல், வகுத்தல், தசமம், விகிதம், நூற்று வீதம், வர்க்கம் இவையே வந்தன. எட்டாம் வகுப்புக்குள் எல்லோரும் படித்தவையே. பின் ஏன் மாணவர் தடுமாறுகின்றனர்?

முதலாவது இடறல் தசமப் புள்ளி. 30 மில்லி ஆம்பியர் என்பது 0.03 ஆம்பியர். இதனை 0.3 என்று எழுதும் மாணவனுக்கு ஒரு புள்ளி தள்ளிப்போனதாகத் தோன்றும். தொழிலிலோ அது பத்து மடங்குப் பிழை. காக்கும் அளவு கொல்லும் அளவாகிவிடுகிறது.

இரண்டாவது இடறல், எதை எதனால் வகுப்பது என்பது. வாய்பாட்டை மனப்பாடம் செய்தவன் பரப்பால் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிடுகிறான். பருமனான கம்பிக்குத் தடை குறைவு என்ற பொருள் அவன் மனத்தில் பதிந்திருந்தால், வந்த விடை பொருந்தாதென்று தானே கண்டு திருத்தியிருப்பான்.

மூன்றாவது இடறல் அளவை. மில்லிமீட்டரையும் மீட்டரையும், வாட்டையும் கிலோவாட்டையும் ஒரே கணக்கில் கலந்துவிடுதல். நான்காவதும் கொடியதுமான இடறல் வெட்கம். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுப் பின்னம் தெரியாதென்று சொல்ல அவன் நாணுகிறான். கேளாமல் இருந்துவிடுகிறான், அடுத்தவன் தாளைப் பார்த்து எழுதித் தேறிவிடுகிறான். அவன் அறியாமை தேர்வறையில் வெளிப்படாது, உப்பளத்தில் வெளிப்படும்.

கற்பிப்போரைக் கற்பித்தல்

நல்ல மின்பணியாளர் எல்லாரும் நல்ல ஆசிரியராகிவிட மாட்டார். தம் கை அறிந்ததைப் பிறர் கைக்கு மாற்றும் வித்தை தனியானது. இந்த உண்மை உலகெங்கும் அனுபவத்தால் உணரப்பட்டதாகும். முதல் உலகப்போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் ஏராளமான புதிய தொழிலாளரை விரைவில் பழக்க வேண்டியிருந்தது. அப்பணியில் ஈடுபட்ட சார்லஸ் ஆலன் என்பார், தொழில் கற்பிப்பதற்கு நான்கு படிகளை வகுத்து 1919-இல் நூலாக வெளியிட்டார். ஆயத்தம், எடுத்துரைத்தல், செய்வித்தல், சோதித்தல் என்பன அவை. கப்பல் கட்டும் தொழிலாளரைப் பழக்கப் பயன்பட்ட அம்முறை இன்றும் தொழில் ஆசிரியர் பயிற்சியில் இடம்பெறுகிறது.

நம் நாட்டில் தொழிற்பயிற்றுநர்களுக்கான முதல் மத்திய நிலையம் 1948-இல் நிறுவப்பட்டது. சென்னை கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் பயிற்றுநர் பயிற்சி நடைபெறுகிறது. தொழிற்சான்றிதழோ பட்டயமோ பெற்றவர் ஓராண்டு அங்கே பயின்றால், தம் தொழிலின் நுட்பத்தோடு பாடம் திட்டமிடுதல், செய்து காட்டுதல், மதிப்பிடுதல் ஆகியவற்றையும் கற்பர். பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கென 1964-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் சென்னை தரமணியில் உள்ளது. நம் ஊர்ப் பிள்ளைகள் மின்பணியாளராவதோடு நில்லாமல், பயிற்றுநராகவும் உயர வழி திறந்திருக்கிறது என்பதைப் பெற்றோர் அறிதல் நலம்.

நான்கு படிகளால் வர்க்கப் பாடத்தை எவ்வாறு நடத்தலாம் என்று பார்ப்போம். ஆயத்தப் படியில் ஆசிரியர் கரும்பலகைக்குப் போவதில்லை. முத்தின் செவ்வுக் கணக்கைக் கதையாகச் சொல்லி, “எடை இரட்டித்தால் மதிப்பு எத்தனை மடங்கு?” என்று கேட்கிறார். எடுத்துரைக்கும் படியில், மெல்லிய கம்பி ஒன்றில் காப்புடன் குறைந்த அழுத்த மின்சாரம் செலுத்தி, மின்னோட்டத்தை இரட்டித்து, வெப்பமானியின் ஏற்றத்தைக் காட்டுகிறார். செய்விக்கும் படியில் மாணவர் தாமே அளந்து, அட்டவணை எழுதி, எண்களுக்கிடையே உள்ள உறவைக் கண்டுபிடிக்கின்றனர். வாய்பாடு அப்போதுதான் பலகையில் ஏறுகிறது. சோதிக்கும் படியில், தம் வீட்டிலோ உப்பளத்திலோ உள்ள ஓர் இணைப்பைப் பற்றிக் கணக்கிட்டு வருமாறு பணிக்கிறார்.

இம்முறையில் கணக்கு வகுப்பும் தொழிற்கூடமும் பிரிந்து நிற்பதில்லை. கணக்கில் பின்தங்கியவனும் கம்பியைத் தொட்டறிந்தவன் ஆதலால் விடையின் பொருளை உணர்கிறான். வெட்கம் நீங்குகிறது. தவறான விடையைக் கண்டு நகைக்காமல், “இவ்விடை மெய்யானால் கம்பி என்னாகும்?” என்று கேட்கும் ஆசிரியரிடம் மாணவன் அஞ்சாமல் தன் ஐயத்தைச் சொல்வான்.

ஊர் செய்யக்கூடியவை

இவ்வளவும் நிலையத்தின் பொறுப்பென்று ஊரார் ஒதுங்கிவிடலாகாது. ஊராட்சியும் பெற்றோரும் செய்யத்தக்கவை சில உள.

முதலாவது, எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் அடிப்படைக் கணக்கு வகுப்பு நடத்தலாம். நூலகக் கட்டடமோ பள்ளி வராந்தாவோ போதும். தசமம், பின்னம், விகிதம், வர்க்கம் என்ற நான்கை மட்டும் செம்மையாகக் கற்பித்தால் தொழிற்பயிற்சிக்குப் போகும் பிள்ளை பாதிப் பாரத்தை இறக்கிவைத்தவனாவான். ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியரும், பயிற்சி முடித்த இளைஞரும் இதற்கு முன்வரலாம்.

இரண்டாவது, பெண்பிள்ளைகளையும் இப்பிரிவுகளுக்கு அனுப்ப வேண்டும். உப்பளத்தில் வெயிலில் நின்று உழைப்போரில் பெண்கள் மிகப் பலர். அவர்களுடைய புதல்வியர் அந்த மோட்டாரைப் பழுதுபார்க்கும் பணியாளராக வருவதில் தடை ஒன்றுமில்லை. அரசுப் பள்ளியில் படித்து மேற்கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் செல்லும் மாணவியர்க்கு 2022 முதலும், மாணவர்க்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்களைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. தகுதியும் விதிகளும் அறிய அருகிலுள்ள நிலையத்தையே நேரில் அணுகுக.

மூன்றாவது, மின்வேலைக்கு ஆளை அமர்த்துமுன் அவரிடம் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று உண்டா என்று கேளுங்கள். கேட்பது அவமதிப்பன்று. குறைந்த கூலிக்குக் கிடைத்தார் என்பதற்காகக் கணக்கறியாதவரிடம் உயிரை ஒப்படைப்பது சிக்கனமும் அன்று.

நான்காவது, ஊராட்சியின் குடிநீர் மோட்டார், தெருவிளக்குப் பெட்டி, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றின் தரையிணைப்புத் தடையை ஆண்டுக்கொரு முறை தகுதி பெற்றவரைக் கொண்டு அளந்து, ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். பயிற்சி நிலைய மாணவரை உடன் அழைத்துக் கவனிக்கச் செய்தால் ஊருக்கும் நன்மை, அவர்க்கும் பாடம்.

முடிவுரை

முத்துக் குளிக்க இறங்கியவன் தன் உயிரைக் கயிற்றில் கட்டி, அதன் நுனியைத் தோணியில் இருப்பவன் கையில் கொடுத்துவிட்டு மூழ்கினான். மேலே இருப்பவன் விழிப்புடன் இருந்தால்தான் கீழே சென்றவன் பிழைப்பான். இன்று உவர்நீரில் நின்று மோட்டாரைத் தொடும் தொழிலாளியின் கயிறு, அம்மோட்டாருக்குத் தரையிணைப்புப் போட்டவர் கையில் இருக்கிறது. அவர் கணக்கறிந்தவரா என்பது அவருக்குக் கற்பித்தவரைப் பொறுத்தது. கற்பித்தவர் கற்பிக்கக் கற்றவரா என்பதோ நம் அனைவரின் அக்கறையைப் பொறுத்தது.

கடலடியில் முத்து குறைந்துபோயிற்று. முத்தை மதிப்பிட்ட அறிவு நம் மக்களிடையே குறைந்துபோகலாகாது. அதை நம் பிள்ளைகள் கம்பியிலும் கருவியிலும் மீண்டும் பயன்படுத்துவார்களாக. கணக்கை வெறுப்பின்றிக் கற்கவும் அச்சமின்றிக் கேட்கவும் அவர்களுக்கு வழி செய்வது நம் கடமை.